முடிச்சும் நெளிவுமாக ஒரு கட்டை: இதில் வில் வருமா?

கட்டைவிரல்
வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துவிட்டுப் போனவன், இப்போது கேட்க வேண்டியதாகிவிட்டது.

கையில் ஓசேஜ் ஆரஞ்சு என்ற வட அமெரிக்க மரத்தின் கட்டை ஒன்று இருக்கிறது. 70 அங்குல நீளம். உருட்டுமரத்தைப் பிளந்து எடுத்தது, இரண்டு வருஷமாகக் காய்கிறது. வெட்டிய அன்றே இரு முனையிலும் பசை பூசிவிட்டதால் வெடிப்பு இல்லை. போன மாதத்திலிருந்து வாராவாரம் எடை போட்டுப் பார்க்கிறேன், எடை இறங்கவில்லை. ஆக ஈரத்தைப் பற்றிக் கவலை இல்லை.

கவலை அதன் உருவத்தைப் பற்றி. கீழ்ப்பாதியில், நடுவிலிருந்து 14 அங்குலத்தில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு முடிச்சு. மேல்பாதியில் மிளகு அளவிலிருந்து பட்டாணி அளவு வரை ஐந்தாறு. பக்கவாட்டில் பாம்பு போன தடம் மாதிரி ஒரு நெளிவு. முதுகுப் பக்கம் ஒரு மேடு, அதை ஒட்டியே ஒரு பள்ளம்.

நுனிக்கு நுனி நூல் பிடித்து நேர்க்கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே இருப்பதை ரம்பத்தால் எடுத்துவிடலாமா? முதுகு மேட்டைச் சீவிச் சமமாக்கலாமா? நாணை 28 அங்குலம் இழுக்கும்போது 45 பவுண்டு விசை வேண்டும்.

சிராய்
எரிக்கலாம். அந்த மரம் நல்ல சூடு கொடுக்கும்.

விளையாட்டு இல்லை. முதல் வில்லா இது? நேரான பலகை ஒன்றை வாங்கி முதலில் அதில் கற்றுக்கொள்ளுங்கள். முடிச்சோடு மல்லுக்கட்டுவது நேரம் மிச்சமிருப்பவர்கள் வேலை.

கட்டைவிரல்
மூன்றாவது வில். முதல் இரண்டும் பலகையில்தான் செய்தேன். ஒன்று உயிரோடு இருக்கிறது.

பழைய_அரம்
தம்பி, ரம்பத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

வில்லை இழுக்கும்போது முதுகு (குறியைப் பார்க்கும் பக்கம்) இழுபடுகிறது, வயிறு (நம்மைப் பார்க்கும் பக்கம்) நசுங்குகிறது. முதுகில் ஓடும் நார் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அறாமல் போனால் மரம் தாங்கும். நடுவில் எங்காவது நாரை வெட்டினீர்கள் என்றால் அந்த வெட்டுவாயிலிருந்துதான் சிராய் கிளம்பும். (நம்ம சிராய் இல்லை.) உங்கள் மரத்தில் நார் நெளிந்து ஓடுகிறது. அதன் மேல் நேர்க்கோடு போட்டு அறுத்தால் நெளிவு திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் நார் விளிம்போடு அறுந்து வெளியே வரும். மேட்டைச் சீவினால் அதே கதை முதுகிலேயே நடக்கும். இரண்டுமே வேண்டாம்.

மரம் கோணலாக இருந்தால் வில்லும் கோணலாகவே இருக்கட்டும். நேராக இருக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: இரு நுனிக் குதையையும் (நாண் மாட்டும் வெட்டு) சேர்த்து நூல் பிடித்தால் அது பிடியின் நடுவில் போக வேண்டும். நடுவழியில் கை (பிடிக்கு மேலும் கீழும் வளைகிற வில்லின் பாதி) எப்படி நெளிந்தாலும் நாணுக்குக் கவலை இல்லை.

கோடு போடும் விதம்: பட்டையை எடுத்தபின், பென்சிலை நாரின் மேல் வைத்து அது போகிற போக்கில் விடுங்கள். ஆற்றுத் தண்ணீர் பாறையைச் சுற்றிப் போகிற மாதிரி நார் முடிச்சைச் சுற்றிப் போகும். உங்கள் கோடும் அப்படியே போகட்டும். பெரிய முடிச்சை மரம் என்று நினைக்காதீர்கள், அது ஒரு ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கைக்கு ஒன்றரை அங்குல அகலம் வேண்டும் என்றால், முடிச்சின் இடப்பக்க மரமும் வலப்பக்க மரமும் கூட்டி ஒன்றரை வர வேண்டும், முடிச்சு அதற்கு மேல் கணக்கு. அதனால் வில் அங்கே வயிறு தள்ளிய மாதிரி அகலமாகத் தெரியும். தெரியட்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: முடிச்சை விளிம்பில் பாதியாக வெட்டி நிறுத்துவது. ஒன்று முழுசாக உள்ளே வரட்டும், இல்லை முழுசாக வெளியே போகட்டும்.

முதுகும்வயிறும்
அண்ணா சொன்னதோடு நீளக் கணக்கையும் பார்த்துவிடலாம். பிடி வளையாத வில்லுக்கு இழுப்பின் இரு மடங்கோடு பிடி நீளத்தைக் கூட்டுவது வழக்கம். 28 அங்குல இழுப்பு, பிடியும், அது கையாக மெலியும் சரிவும் சேர்த்து 8 அங்குலம் என்றால் 64 வருகிறது. உங்களிடம் 70 இருக்கிறது. 68-க்குக் கீழே இறங்காதீர்கள். முடிச்சு மரத்தில் நீளம்தான் காப்பீடு.

மரம் பற்றி ஒரு இடைச்செருகல். ஓசேஜ் நம்ம பலாவுக்கும் முசுக்கொட்டைக்கும் உறவுக்காரன், ஒரே தாவரக் குடும்பம். புதிதாகச் சீவினால் பலாப்பலகை மாதிரி மஞ்சளாகப் பளிச்சிடும், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். வட அமெரிக்காவின் ஓசேஜ் மக்கள் அதில் வில் செய்ததைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயருக்கே "வில் மரம்" என்றுதான் பொருள்.

கட்டைவிரல்
நன்றி அண்ணா, நன்றி நண்பரே. அடுத்த சந்தேகம்: முதுகுக்கு ஒரே ஆண்டு வளையத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்கிறார்கள். நேரான இடத்தில் புரிகிறது. முடிச்சு வரும் இடத்தில் வளையமே மேலே ஏறிப் போகிறதே, அங்கே என்ன செய்வது?

முதுகும்வயிறும்
நீங்களும் கூடவே ஏறுங்கள். :)

காதையும் பயன்படுத்துங்கள். ஓசேஜில் ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு பங்கு உண்டு. வளர்ச்சி தொடங்கும் காலத்தில் போட்ட துளை அடுக்கு, பிறகு போட்ட கெட்டி அடுக்கு. இரு கைப்பிடிக் கத்தி துளை அடுக்கில் போகும்போது அப்பளம் நொறுங்குவது போல் மொறுமொறுவென்று சத்தம் வரும், தூள் உதிரும். கெட்டி அடுக்கைத் தொட்டதும் சத்தம் அடங்கிவிடும், பரப்பு மெழுகு தேய்த்த மாதிரி மினுங்கும். அந்த மினுக்கம்தான் உங்கள் முதுகு. அதற்கு மேல் ஒரு சீவல் கூடப் போகக்கூடாது.

முடிச்சுக்கு ஒரு சாண் முன்பே கத்தியை வைத்துவிட்டுச் சுரண்டியை எடுங்கள். முடிச்சருகே நார் உள்ளே முங்குகிறது. கத்தி அந்த நாரைப் பிடித்தால் அதோடு சேர்ந்து முங்கிப் பெரிய சிம்பாகப் பிய்த்துக்கொண்டு வரும். சுரண்டியால் இரு திசையிலிருந்தும் முடிச்சை நோக்கி வாருங்கள், ஒரு பக்கத்திலிருந்தே தாண்டிப் போகாதீர்கள். வரைபடத்தில் குன்றைச் சுற்றிப் போடும் கோடுகள் போல முடிச்சைச் சுற்றி வட்டம் வட்டமாக வளையங்கள் தெரிய ஆரம்பித்தால், குன்றின் தலையை வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். உடனே நிறுத்துங்கள். முடிச்சு முதுகில் ஒரு சின்ன மேடாக நிற்பதுதான் சரி.

பழைய_அரம்
இது நேற்று வந்த யோசனை இல்லை. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் நூற்றுக்கும் மேல் யூ மர விற்கள் கிடைத்தன. போருக்கென்று மொத்தமாகச் செய்தவை, ஆனாலும் முடிச்சு இருந்த இடத்தில் மரத்தை மேடாக விட்டுத்தான் செய்திருக்கிறார்கள். அவசரத்தில் செய்தவனே விட்டுவைத்திருக்கிறான் என்றால் நமக்கு என்ன அவசரம்?

சிராய்
முடிச்சைச் சுற்றி நார் கட்டிப் பசை போட்டுவிட்டால் இவ்வளவு பயம் எதற்கு?

பழைய_அரம்
கட்டலாம், நானும் கட்டுவேன். ஆனால் கட்டு என்ன செய்யும் என்று தெரிந்து கட்ட வேண்டும். கிளம்பப் பார்க்கிற சிராயை அமுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். கட்டின் நூல் வில்லுக்குக் குறுக்கே சுற்றுகிறது, அறுந்த நார் நெடுக்கே ஓடியது. அறுந்த நார் செய்ய வேண்டிய வேலையைக் கட்டு செய்யாது. மேட்டை வெட்டிவிட்டு அதன் மேல் கட்டுப் போடுவது, காலை ஒடித்துக்கொண்டு பட்டுத்துணி சுற்றுவது மாதிரி.

கட்டைவிரல்
ஆறு நாள் கழித்து வருகிறேன். வளையம் பிடித்தாகிவிட்டது. மேல்கையில் ஒரு பட்டாணி முடிச்சின் உச்சியைக் கொஞ்சம் சீவிவிட்டேன், மூன்று வட்டம் தெரிகிறது. மற்றவை பிழைத்தன. பெரிய முடிச்சின் நடுவில் கறுப்பாக, பொடியாக இருந்தது. ஆணியால் நோண்டினால் கொட்டிக்கொண்டே போகிறது. கிட்டத்தட்ட மறுபக்கம் வரை துளை போய்விட்டது. மரத்தூளும் பசையும் வைத்து அடைக்கட்டுமா?

முதுகும்வயிறும்
மக்கியது எல்லாவற்றையும் நோண்டி எடுத்துவிடுங்கள். துளையாகவே விட்டாலும் வில்லுக்கு ஒன்றும் ஆகாது. அண்ணா சொன்னபடி ஓட்டை என்று வைத்துத்தானே அகலம் விட்டீர்கள்? அடைப்பது கண்ணுக்கு அழகு, பலத்துக்கு இல்லை. என் வில் ஒன்றில் முடிச்சுத் துளை வழியாக எதிர்ச்சுவர் தெரியும்.

சீவிவிட்ட சின்ன முடிச்சுக்கு மட்டும் கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டாணி அளவு என்றால் பெரும்பாலும் தாங்கும்.

கட்டைவிரல்
இன்னொன்று. நூல் பிடித்துப் பார்த்தேன், நாண் பிடியின் நடுவில் போகாமல் இடப்புறம் முக்கால் அங்குலம் தள்ளிப் போகிறது.

பழைய_அரம்
கைகளை ஏறக்குறைய முக்கால் அங்குலப் பருமனுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு சூட்டில் வளையுங்கள். ரொம்பத் தடியாக இருந்தால் உள்ளே சூடு ஏறாது. எண்ணெய் ஒரு கோட் தடவி, ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே பிடியுங்கள். வெறும் கையால் தொட முடியாத சூடு மறுபக்கம் வரை வந்ததும் கிளாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். விரும்பியதற்குக் கொஞ்சம் அதிகமாக வளைத்து வையுங்கள், விட்டதும் சற்றுத் திரும்பும். முழுக்க ஆறும்வரை கழற்றாதீர்கள். முடிச்சு இருக்கும் இடத்தில் வளைக்காதீர்கள், நல்ல மரம் இருக்கும் இடமாகப் பாருங்கள். அதன்பிறகு நாலைந்து நாள் சும்மா விடுங்கள். சூட்டில் காய்ந்த மரம் காற்றிலிருந்து தன் ஈரத்தை மீட்டுக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் ஒடியும்.

கட்டைவிரல்
வந்துவிட்டது! நூல் பிடி நடுவில். இனி டில்லர் கட்டையில் (வில்லை மாட்டி இழுத்து வளைவு பார்க்கும் சட்டம்) ஏற்றப் போகிறேன்.

சிராய்
நல்லது. ஒரு எச்சரிக்கை: நேராக எதிரே நின்று இழுக்காதீர்கள். கயிற்றைக் கப்பியில் விட்டுத் தள்ளி நின்று இழுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒடிகிற வில் யாரையும் கேட்டுக்கொண்டு ஒடியாது.

கட்டைவிரல்
கையைப் பிசைந்துகொண்டு எழுதுகிறேன்.

நேற்றுவரை நன்றாகத்தான் போனது. 20 அங்குல இழுப்பில் 36 பவுண்டு. இரு கையும் ஓரளவு ஒத்து வளைந்தன. சீராக்கலாம் என்று பென்சில் கட்டை செய்தேன். தெரியாதவர்களுக்கு: ஆறு அங்குல நேர்க்கட்டை, நடுவில் துளை போட்டுப் பென்சில் செருகியது. வில்லை இழுத்து நிறுத்திவிட்டு வயிற்றின் மேல் அதை ஓட்டினால், வளையாமல் விறைப்பாக நிற்கும் இடத்தில் மட்டும் பென்சில் உரசிக் கோடு போடும். அங்கே சுரண்ட வேண்டும்.

மேல்கையில் ஒரு இடத்தில் கோடு விழுந்துகொண்டே இருந்தது. சுரண்டினேன். மறுபடி விழுந்தது. மறுபடி சுரண்டினேன். நாலாவது தடவை நாணை இழுத்தபோது அந்த இடம் கீல் மாதிரி மடங்கியது. நாணை இறக்கிய பிறகும் அங்கே மட்டும் கூன் நிற்கிறது. பென்சில் காட்டிய இடத்தைத்தானே சுரண்டினேன்?

முதுகும்வயிறும்
அந்த இடத்துக்கு நேர் பின்னால், முதுகில் என்ன இருக்கிறது? மேடா, பள்ளமா?

கட்டைவிரல்
பள்ளம்.

...ஓ.

முதுகும்வயிறும்
அதேதான். முதுகில் பள்ளம் இருந்து பருமன் ஒரே அளவாக இருந்தால், அதற்கு நேராக வயிறு புடைத்துத்தான் இருக்கும். பிறவிப் புடைப்பு. பென்சில் கட்டைக்குப் புடைப்பும் விறைப்பும் ஒன்றுதான், இரண்டிலும் இடைவெளி குறையும், கோடு விழும். அது விறைப்பான இடம் இல்லை, மரம் அப்படிப் பிறந்த இடம். மேட்டுக்கு நேரே இதற்கு நேர்மாறாக ஏமாற்றும். வயிறு அங்கே குழிந்திருக்கும், நன்றாக வளைகிற மாதிரி காட்டும், உண்மையில் கட்டையாக நிற்கும். நேரான கட்டைக்குப் பென்சில் மாதிரி உதவி கிடையாது, நெளிந்த கட்டைக்கு அதைப்போல ஒரு எதிரியும் கிடையாது.

சிராய்
நாலு தடவை சுரண்டினதுக்கே கீல் விழுமா? அரமா போட்டார், சுரண்டிதானே?

முதுகும்வயிறும்
விழும். விறைப்பு பருமனின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. அகலத்தில் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். பருமனில் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் நூற்றுக்கு இருபத்தேழு போய்விடும். அரை அங்குலப் பருமனில் பத்தில் ஒரு பங்கு என்பது ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான்.

பழைய_அரம்
தம்பி, மனதை விடாதீர்கள். எடுத்த மரத்தை ஒட்ட முடியாது, ஆனால் மற்ற இடத்தையெல்லாம் அதற்குச் சமமாக இறக்கலாம். 45 பவுண்டு கனவை மட்டும் இங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். முதலில் அந்த இடத்தின் வயிற்றை நன்றாகப் பாருங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, குறுக்கே மயிரிழை போலச் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று. நசுங்கிய நார் அப்படித்தான் முகம் காட்டும். நகத்தை நெடுக்கே ஓட்டினால் தட்டும். இருக்கிறதா?

கட்டைவிரல்
பார்த்தேன். இரண்டு விளக்கு வைத்துப் பார்த்தேன். இல்லை. நகமும் தட்டவில்லை.

பழைய_அரம்
அப்படியென்றால் பிழைத்தீர்கள். இனி வளைவைப் பார்க்க நான் செய்வதைச் சொல்கிறேன். கைக்குப் பக்கவாட்டில், நாலு அங்குலத்துக்கு ஒன்றாக, ஈர்க்குச்சித் துண்டுகளை ஒட்டுங்கள். கை போகும் திசைக்குச் செங்குத்தாக, வயிற்றுப் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கட்டும். நாண் இல்லாமல் இருக்கும்போது அடுத்தடுத்த குச்சி முனைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நெளிந்த மரத்தில் அது எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது, பரவாயில்லை. பிறகு நாண் பிடியிலிருந்து கொஞ்சமே விலகி நிற்கும்படி நாணேற்றித் திரும்ப அளங்கள். குச்சி முனைகள் ஒன்றையொன்று நெருங்கியிருக்கும். எந்த ஜோடி எவ்வளவு நெருங்கியது என்பதுதான் அந்த இடத்தின் உண்மையான வளைவு. முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒவ்வொரு இடத்தையும் அதனோடேயே ஒப்பிடுங்கள், பக்கத்து இடத்தோடு வேண்டாம். கொஞ்சம்கூட நெருங்காத ஜோடி எதுவோ அங்கே சுரண்டுங்கள்.

பெரிய முடிச்சின் மேல் உள்ள ஜோடி நெருங்காது, அதை விட்டுவிடுங்கள். ஆனால் முடிச்சுக்கு முன்னும் பின்னும் உள்ள ஜோடிகளின் மேல் ஒரு கண் இருக்கட்டும். முடிச்சருகே அகலமாக விட்டிருக்கிறீர்கள், அது வளையாது. வளைய வேண்டிய பங்கை அதை ஒட்டிய இடத்தின் தலையில் கட்டும். அகலம் கூடுவதும் குறைவதும் ஒரேயடியாக இல்லாமல் இரண்டு மூன்று அங்குலத்தில் வழுக்கிக்கொண்டு போனால் அந்தச் சுமை பரவும்.

ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் முப்பது தடவையாவது மெதுவாக இழுத்து விடுங்கள், பிறகு அளங்கள். சுரண்டியது உடனே தெரியாது. இது தெரியாமல்தான் எல்லோரும் ஒரு தடவை அதிகமாகச் சுரண்டுகிறோம்.

கட்டைவிரல்
ஈர்க்குச்சி வைத்ததும் வில் முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் மேல்கை மேட்டுக்குக் கீழே ஒரு ஜோடி அசையவே இல்லை. பென்சில் அங்கே ஒரு கோடுகூடப் போட்டதில்லை!

முதுகும்வயிறும்
ஆமாம், அங்கேதான் மரம் ஒளிந்திருந்தது.

கட்டைவிரல்
மூன்று வாரம் கழித்து, கடைசிக் கணக்கு.

68 அங்குலம். 27 அங்குல இழுப்பில் 38 பவுண்டு. 28 வரை போகவில்லை, கீல் விழுந்த இடத்தைப் பார்த்தால் மனம் வரவில்லை. நாணை இறக்கியதும் ஒன்றேகால் அங்குலக் கூன், ஒரு மணி நேரத்தில் முக்கால் அங்குலத்துக்குத் திரும்பிவிடுகிறது. பெரிய முடிச்சு கீழ்க்கையில் துளையோடு உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவு வெளிச்சம் அதன் வழியே வருகிறது. ஐம்பது அம்பு விட்டாயிற்று. நாணைப் பிடித்து மேலிருந்து பார்த்தால் வில் இடமும் வலமுமாக நெளிகிறது, நாண் மட்டும் நடுவில் நேராக நிற்கிறது.

இதே மரத்தில் பிளந்த இன்னொரு பாதி இருக்கிறது. இதே முடிச்சு, இதே பள்ளம், கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மட்டும் மாறி. 45-க்கு அதில் முயற்சி செய்யப் போகிறேன்.

பழைய_அரம்
முக்கால் அங்குலம் என்றால் ஒன்றும் பயமில்லை. நூறு அம்புக்கு ஒருமுறை முடிச்சின் இருபுறமும் வயிற்றைப் பாருங்கள், சாய்ந்த வெளிச்சத்தில். நாணேற்றியே வைக்காதீர்கள். யார் கேட்டாலும் அம்பில்லாமல் இழுத்துவிடக் கொடுக்காதீர்கள்.

1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்தாரே ஓட்ஸி, 5,300 வருஷத்துக்கு முந்தைய மனிதர், அவரோடு கிடைத்த யூ மர வில்லும் முடியாத வில்தான். ஆளைவிட உயரமான வில், மேலே வெட்டுத் தடங்கள் அப்படியே இருக்கின்றன. அவருக்கு மிச்ச வேலையைச் செய்ய நேரம் கிடைக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது, இரண்டாவது கட்டையை ஆற அமரச் செய்யுங்கள்.

சிராய்
சரி, ஒரு கேள்வி. சிரிக்கக்கூடாது. என்னிடம் எல்ம் கட்டை ஒன்று முடிச்சும் நெளிவுமாகக் கிடக்கிறது. எரிக்கத்தான் வைத்திருந்தேன். அதற்கும் வளையம் பிடித்து இறங்க வேண்டுமா?

முதுகும்வயிறும்
வேண்டாம். எல்முக்குப் பட்டையை ஒட்டி இருக்கும் வளையமே முதுகு, வெளிமரமும் (பட்டையை ஒட்டிய வெளிர் மரம்) நன்றாகவே தாங்கும். வளரும் பருவத்தில் வெட்டிப் பச்சையாக இருக்கும்போதே உரித்திருந்தால் பட்டை கையோடு வந்திருக்கும். காய்ந்துவிட்டது என்றால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய தோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிச்சு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது?